போவோமா பினாங்கு... இருவர் மட்டும்!

என் மகளுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து 'அப்பா அம்மா' விளையாட்டு விளையாடுவாள். ஒரு நாள் சமையலறையில் நின்றபடி அதைக் கவனித்தேன். அம்மா பொம்மை கதவைத் திறந்து வீட்டுக்குள் வந்தது. உடனே அப்பா பொம்மை எழுந்து, "சாவி மேசை மேல இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டது. அத்துடன் விளையாட்டு முடிந்தது.

"ஏன் குட்டி, ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணா உட்கார்ந்தா அப்புறம் யாரு வேலைக்குப் போறது?" என்றாள், பொம்மையை மடித்து வைத்துக்கொண்டே.

நான் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்கு உங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ல முடியும். என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கொள்கலன்களை இறக்கும் பெரிய கிரேனை இயக்குகிறார். பெரும்பாலும் இரவு வேலை. நான் கிளம்பும்போது அவர் வீட்டில் இருக்க மாட்டார். நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். மாலையில் அவர் எழும்போது எனக்குக் கண் சொருகும். திருமணமாகி ஒன்பது வருடங்களில் நாங்கள் சண்டை போட்டதுகூடக் குறைவு. சண்டை போட இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே!

அதே வாரம் நிகழ்ச்சியில் ஒரு நேயர் அழைத்தார். ஈப்போ பக்கம், ஐம்பது வயதைத் தாண்டிய குரல். "தங்கச்சி, பிள்ளைங்க எல்லாம் பெரிசாயிட்டாங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் ரெண்டு நாள் எங்கேயாவது போகணும். கடல் இருக்கணும், நல்ல சாப்பாடு இருக்கணும், ரொம்ப நடக்கக்கூடாது. எங்க போகலாம்?" நான் யோசிக்காமல் "பினாங்கு" என்றேன். பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. ஊருக்கு உபதேசம் சொல்கிறேன், நான் எப்போது போனேன்?

போனேன். மூன்று வருடங்களுக்கு முன்பு. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும்.

அது எங்கள் திருமண நாள். நீண்ட வார விடுமுறை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு காரில் கிளம்பினோம். என் தொலைபேசியில் பதினேழு இடங்களின் பட்டியல் இருந்தது. வானொலி நிலையத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நிரல் போட்டுப் பழகிய கை இல்லையா, 9.15க்கு சுவரோவியம், 10.00 மணிக்கு கூ கொங்சி, 11.30க்கு செண்டோல் என்று எழுதி வைத்திருந்தேன். நெடுஞ்சாலை நெரிசலில் தாப்பாவைத் தாண்டுவதற்குள்ளேயே முதல் மூன்று இடங்கள் போய்விட்டன. மறுநாள் கொடிமலை ரயிலுக்கான வரிசையில், உச்சி வெயிலில், "இதுக்கு நான் ரெண்டு நாள் ஓவர்டைம் செஞ்சிருப்பேன்" என்று அவர் சொல்ல, நான் ஏதோ சொல்ல, திரும்பி வரும்போது ஈப்போ வரை காரில் பேச்சே இல்லை. கொடிமலையின் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. 1923இல் தொடங்கி நூறு வருடங்களாக அந்த ரயில் பாவம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தப்பு பட்டியலில் இருந்தது.

ஆகவே இந்த முறை ஒரே ஒரு விதி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் தூக்கம்.

ஏன் பினாங்கு என்று கேட்பீர்கள். போர்ட்டிக்சன் பக்கத்தில் இருக்கிறது, மலாக்கா இரண்டு மணி நேரம். உண்மைதான். ஆனால் போர்ட்டிக்சனில் கடலைப் பார்த்த பிறகு செய்வதற்கு அதிகமில்லை. மலாக்காவில் ஊர் அழகு, ஆனால் பழைய ஊரில் நடக்கும்போது ஆறுதான் கூட வருகிறது, கடல் சற்று ஒதுங்கிவிட்டது. கிழக்குக் கரைக்கு ஆண்டு இறுதியில் மழைக்காலத்தில் போக முடியாது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் மட்டும்தான் பழைய ஊர், சாப்பாடு, கடல் மூன்றும் கால் நடைத் தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சும்மா நடந்தாலே போதும், டிக்கெட் எடுத்து எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கணவரிடம் சொன்னேன். "கடலா? நான் தினமும் பார்க்கிறேனே" என்றார். "நாற்பது மீட்டர் உயரத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்து பார்க்கிறது கணக்கில்லை" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி லா. ஆனா நான் கார் ஓட்ட மாட்டேன்."

அந்த நிபந்தனைதான் பயணத்தைக் காப்பாற்றியது.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின் ரயில் போகிறது. நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாடாங் பெசார் வரை போகும் இ.டி.எஸ். ரயில்கள் பட்டர்வொர்த்துக்குள் வராது. புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி கொமுட்டர் ரயில் மாற வேண்டியிருக்கும். டிக்கெட்டில் பட்டர்வொர்த் என்று இருக்கிறதா பாருங்கள். வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் நாங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்துவிட்டோம். பள்ளி விடுமுறையையும் நீண்ட வார விடுமுறையையும் தவிர்த்தோம். வெள்ளிக்கிழமை என் நிகழ்ச்சி பத்து மணிக்கு முடிந்ததும் நேரே நிலையம். அவர் இரவு வேலை முடித்து, குளித்து, கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்து சேர்ந்தார். ரயில் கிளம்பி சுங்கை பூலோ தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. தைப்பிங் பக்கம் வரும்போது ஜன்னலுக்கு வெளியே ஏரி போலத் தண்ணீர் விரிந்தது. புக்கிட் மேரா. தண்டவாளம் அந்த ஏரியின் நடுவே போகிறது. அதைக் காட்டத்தான் தட்டி எழுப்பினேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் ரயில், பேருந்து, பெரி மூன்றும் பினாங்கு சென்ட்ரல் என்ற ஒரே வளாகத்தில் இணைந்திருக்கின்றன. கூரைக்குக் கீழேயே நடந்து பெரிக்குப் போகலாம். பாலத்தில் கிரேப் கார் பிடித்துப் போனால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் நான் சொல்வேன், முதல் முறை பெரியில் போங்கள். இந்தச் சேவை 1894இல் தொடங்கியது. 1985இல் முதல் பாலம் திறக்கும்வரை தீவுக்குச் சாலை வழியே கிடையாது. கார்களை ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய இரண்டடுக்குப் பெரிகள் 2020 முடிவோடு ஓய்வுபெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய பெரிகள் ஓடுகின்றன. ஆட்கள், மோட்டார் சைக்கிள், மிதிவண்டி மட்டும்தான். குளிர்சாதனம் உண்டு. கட்டணம் ஓரிரு வெள்ளிதான், ஆனால் சில்லறையை நீட்டாமல் டச் என் கோ அட்டையைத் தயாராக வைத்திருங்கள். உள்ளே குளுகுளுவென்று உட்காராமல் வெளியே வந்து நின்றால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். பத்து, பதினைந்து நிமிடப் பயணம். கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் கரை வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். முதலில் கண்ணில் பட்ட மலாயா மண் பினாங்குதான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களுக்குக் கடலும் நீலமாகத் தெரியவில்லை, கரையும் அழகாகத் தெரியவில்லை, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்தான் தெரிந்தது என்பார். அந்தக் கரையை நான் ஓய்வெடுக்கப் போகும் இடமாகப் பார்க்கிறேன். அதைக் கணவரிடம் சொன்னபோது, "தாத்தா ஓய்வெடுக்காம உழைச்சதுக்கு சேர்த்து நீ எடு" என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

தங்குமிடம் பற்றி. ஜார்ஜ் டவுனுக்கு 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்ற தகுதி கிடைத்தது. அதற்குப் பிறகு பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. இணையத்தில் படங்கள் அள்ளும். மரப்படி, நடு முற்றம், வண்ண ஓடுகள். பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். அறையில் ஜன்னல் இருக்கிறதா? மின்தூக்கி உண்டா, இல்லை செங்குத்தான மரப்படிதானா? அறை சாலைப் பக்கமா, உள்பக்கமா? கடைவீடுகள் முன்புறம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும். நடுவில் இருக்கும் அறைகளுக்குச் சில சமயம் ஜன்னலே இருக்காது. லெபோ சூலியா, லவ் லேன் பக்கம் நள்ளிரவு தாண்டியும் மதுக்கூடப் பாட்டு கேட்கும். இளைஞர்களுக்குச் சரி. நான்கு மணிக்கு எழுந்து பழகியவளுக்குச் சரிவராது. நாங்கள் இரண்டு தெரு தள்ளி, உள்பக்க அறை எடுத்தோம். இரண்டு இரவுக்கு 420 வெள்ளி.

அன்று மாலை பாடாங் கோத்தா லாமா. கடலோரச் சுவர், பின்னால் 1903இல் கட்டி முடித்த வெள்ளை நகராண்மைக் கட்டடம், பக்கத்தில் கோட்டை. கோட்டைக்குள் போகவில்லை. சுவரில் உட்கார்ந்து பாசெம்பூர் சாப்பிட்டோம். பொரித்த பலகாரங்களையும் வெள்ளரி, செங்குவாங்கையும் வெட்டி, சர்க்கரைவள்ளிக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். கொறிக்கக் கொறிக்கக் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவர் ஒவ்வொரு கப்பலாகப் பார்த்து, எது சரக்கு, எது எண்ணெய் என்று சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார்.

இங்கே என் தொழில் நோய் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வானொலியில் ஐந்து விநாடி சத்தம் இல்லாமல் போனால் அது குற்றம். நேயர் கெட்டுப்போய்விட்டதோ என்று பெட்டியைத் தட்டுவார், நிர்வாகம் எங்களைத் தட்டும். அதனால் எங்கே அமைதி வந்தாலும் என் வாய் தானாக நிரப்பும். அன்றும் நிரப்பத் தொடங்கினேன். மகள் சாப்பிட்டிருப்பாளா, அத்தை மாத்திரை போட்டிருப்பாரா, திங்கட்கிழமை நேர்காணலுக்கு யார் வருகிறார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்ததும், பிறகு விட்டுவிட்டதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் அதற்குள் அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை விடியலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஜார்ஜ் டவுன் கிழக்கே பெருநிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது, ஆகவே இங்கே கடலில் பார்க்க வேண்டியது உதயம்தான். இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது என்பது ஒரு வசதி, நடுராத்திரியில் எழ வேண்டியதில்லை. துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலையில் சீனக் குலத்தார் கடல்மேல் மரத்தூண் நட்டுக் கட்டிய குடியிருப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு குலப்பெயருக்கும் ஒரு மரப்பாலம். சியூ பாலம்தான் பெரியது, நினைவுப்பொருள் கடைகளும் கூட்டமும் அங்கேதான். நாங்கள் தான் குலத்தாரின் பாலத்துக்குப் போனோம். மிதமான அகலத்தில் பலகைப் பாதை கடலுக்குள் நீண்டு போகிறது. இருபுறமும் இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். ஒரு பாட்டி வாசலில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தோம். நீங்களும் அப்படியே நடங்கள், நம் வீட்டு ஐந்தடியில் யாரோ வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பாலத்தின் முனையில் உட்கார்ந்தோம். முதலில் சாம்பல், பிறகு பெருநிலத்து மலைகளுக்கு மேலே ஆரஞ்சுக் கோடு. பெரி ஒன்று நடுவில் போனது. நான் பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. மனதுக்குள் விநாடிகளை எண்ணினேன், நாற்பது வரை.

பசியாற ஒரு சந்துக்குள் கரியில் சுட்ட ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் கிடைத்தன. அதன் பிறகு அறைக்குத் திரும்பித் தூக்கம். மதியம் ஒரு மணிக்கு எழுந்து நாசி கண்டார். இதைப் பற்றி ஒரு வார்த்தை. 'கண்டார்' என்பது தோளில் போடும் காவடித் தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களிடம் விற்றார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள், மலாயில் வெள்ளம் என்று பொருள். எந்தக் கடை சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் பினாங்கு நேயர்கள் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். வரிசை நீளமாக, வேகமாக நகர்ந்தால் அது நல்ல கடை. புரட்டாசியில் போகிறவர்களுக்குக் கவலை இல்லை, குட்டி இந்தியாவில் வாழையிலைச் சைவச் சாப்பாடு தாராளம். ஆனால் அந்த மாதங்களில்தான் பினாங்கில் மழையும் தாராளம், குடையை மறக்காதீர்கள்.

திரும்பவும் தூக்கம். ஆமாம், ஒரே நாளில் இரண்டு முறை. உல்லாசப் பயணம் போய் யாராவது தூங்குவார்களா என்று என் தோழி சிரித்தாள். அவளுக்கு இரவு வேலை செய்யும் கணவர் இல்லை.

மாலை பத்து ஃபெரிங்கி. பெரித்துறையிலிருந்து 101ஆம் எண் ராபிட் பினாங்கு பேருந்து கொம்தார் வழியாக அங்கே போகிறது. நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். வலப்பக்க இருக்கையில் உட்காருங்கள். தஞ்சோங் பூங்காவில் கடலின்மேல் நிற்கும் மிதக்கும் பள்ளிவாசல் தெரியும், அதைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து கடலை ஒட்டியே போகும். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தண்ணீர் கண்ணாடி போல இருக்காது. சில சமயம் ஜெல்லி மீன்கள் வரும், எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள். ஆனால் மணல் நீளமானது, மாலைக் காற்று நன்றாக இருக்கும், இருட்டியதும் சாலையோர இரவுச் சந்தை தொடங்கிவிடும். சூரியன் கடலுக்குள் விழாமல் இடப்பக்கத்து மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வானம் மட்டும் வெகுநேரம் சிவந்து கிடந்தது.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் தண்ணீரில் கால் நனைத்தார். பதினோரு வருடங்களாகத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். "கடல் தண்ணி கால்ல பட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மணலில் வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொல்லணும்மா" என்றார்.

புதிதாகச் சேரும் கிரேன் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அவரைக் கேட்டிருக்கிறார்கள். பகல் வேலை. காலை எட்டு முதல் ஐந்து. சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் இரவுப்படியும் ஓவர்டைமும் போய்விடும், மாதம் எழுநூறு வெள்ளி குறையும். கேட்டு இரண்டு மாதமாகிவிட்டது. வரும் புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டு மாசமா? ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"எப்ப சொல்றது? நீ வரும்போது நான் தூங்குறேன். வாட்ஸ்அப்ல அனுப்புற விஷயமா இது? வீட்டுக் கடன், குட்டியோட பள்ளி, அம்மாவோட மருந்து... உட்கார்ந்து பேசணும்னு நினைச்சேன். நேத்தும் சொல்ல வந்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் மீதா, என் மீதா என்று தெரியவில்லை. தினமும் காலையில் முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் "சொல்லுங்க, உங்க மனசுல என்ன இருக்கு" என்று கேட்கிறவள் நான்.

இரவுச் சந்தைக்குப் பக்கத்து அங்காடியில் மீ கோரெங் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ரயில் டிக்கெட் அச்சிட்ட காகிதம் என் கைப்பையில் இருந்தது. அதன் பின்புறம் கணக்குப் போட்டோம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். எழுநூறில் முந்நூறு எளிதாகக் கிடைத்தது. யாரும் பார்க்காத தொலைக்காட்சிச் சந்தா, இரண்டாவது காருக்கு அவர் கட்டும் பெட்ரோல், நேரமில்லாமல் வாரத்தில் நான்கு நாள் வெளியில் வாங்கும் சாப்பாடு. மீதி நானூறுதான் முட்டியது. அடித்தோம், திருத்தினோம். நான் வார இறுதியில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கலாம் என்றேன். "அப்புறம் நான் வீட்டுல இருக்கும்போது நீ இருக்க மாட்ட" என்றார். அதுவும் சரி. மீ கோரெங் ஆறிப்போனது. கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்துவிட்டு, கிரேப் பிடித்துத் திரும்பினோம். அந்தச் செலவைப் பற்றி இருவருமே மூச்சு விடவில்லை.

நல்ல விடுதி, நல்ல அறை, நல்ல காட்சி என்று தேடுகிறோம். எங்களுக்குத் தேவைப்பட்டது அடுத்து எங்கேயும் போக வேண்டியில்லாத ஒரு மாலை. பதினேழு இடப் பட்டியல் கையில் இருந்திருந்தால் ஏழரை மணிக்கு நான் அவரைக் கிளப்பியிருப்பேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஞாயிறு காலை குட்டி இந்தியா. லெபோ குயினில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், தீவிலேயே பழைமையான இந்து ஆலயம். பின்பக்கத் தெருவுக்கு வந்தால் சற்றுத் தள்ளி 1801இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே தெருவில் சீனர்களின் கருணைத் தேவதை ஆலயம், இன்னும் மேலே போனால் 1818ஆம் ஆண்டு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அரை மணி நேர நடையில் நான்கும். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த லெபோ பினாங்கு வழியாக வந்தோம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு இந்தத் தெருவில்தான். ஒரு கடையில் அறுபதுகளின் பாடல் உச்சத்தில் ஒலித்தது. தோசை, தே தாரிக், பக்கத்து மேசையில் யாரோ பேரனைத் திட்டும் சத்தம். தண்ணீர்மலைக்குப் போகவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், அவசரமாக ஏறுகிற கோயில் இல்லை அது. சுவரோவியங்களில் மிதிவண்டியில் போகும் அக்கா தம்பியை மட்டும் லெபோ ஆர்மீனியனில் பார்த்தோம், அதுவும் வழியில் இருந்ததால். 2012இல் வரைந்தது, வண்ணம் மங்கியிருக்கிறது, முன்னால் வரிசை மட்டும் குறையவில்லை.

மகளுக்கும் அத்தைக்கும் பருப்பு வைத்த சீன பிஸ்கட்டு இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு மதிய ரயிலைப் பிடித்தோம். திரும்பும் ரயிலை மாலைக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து துணியை ஊறவைத்து, ஒரு தேநீர் குடிக்க நேரம் வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை, விடுமுறை எடுத்ததற்கே விடுமுறை தேவைப்படும்.

செலவு கேட்பீர்கள். இருவருக்கும் ரயில் போக வர 300க்கு உள்ளே, அறை 420, சாப்பாடு, பேருந்து, பெரி, அந்த ஒரு கிரேப் எல்லாம் சேர்த்து 230 சொச்சம். பிஸ்கட்டோடு ஆயிரத்துக்குள் முடிந்தது. ஓர் இரவு மட்டும் தங்கினால் இன்னும் குறையும், ஆனால் என் கணக்கில் முதல் இரவு அலுப்பு தீரவே போய்விடுகிறது. பேச்சு இரண்டாவது மாலையில்தான் வந்தது.

பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா என்று தயங்குகிறவர்களுக்கு. எனக்கும் அந்தக் குற்ற உணர்வு இருந்தது, ரயில் ஏறும்வரை அழுகை தொண்டையில் நின்றது. சனிக்கிழமை இரவு காணொளியில் அழைத்தால், மகள் பாட்டியோடு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், "ரொம்பத் தொல்லை பண்ணாளா அத்தை?" என்று கேட்டேன். "அவ பண்ணல. நீதான் ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் பண்ண" என்றார். பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டே, "நானும் உங்க மாமாவும் இப்படி ஒரு தடவைகூடப் போனதில்ல" என்று சேர்த்துக்கொண்டார். மாமா இறந்து ஆறு வருடங்களாகின்றன. அடுத்த முறை தண்ணீர்மலைக்கு அத்தையை அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். படி எத்தனை என்று இன்னும் சொல்லவில்லை.

அந்தக் காகிதம் இப்போது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. ஒரு பக்கம் கோலாலம்பூர் - பட்டர்வொர்த், மறுபக்கம் அடித்துத் திருத்திய எண்கள். செவ்வாய்க்கிழமை இரவு அவர் வேலைக்குக் கிளம்பும்முன் அதைக் கழற்றி இன்னொரு முறை கணக்குப் பார்த்தார். மீதி நானூறு இன்னும் முழுசாக ஒத்துவரவில்லை. புதன்கிழமை காலை, என் நிகழ்ச்சி நடுவே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. "சரின்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து."

பாட்டு முடிந்தது எனக்குக் கேட்கவில்லை. நான்கு விநாடியோ ஐந்து விநாடியோ சத்தமில்லாமல் போய்விட்டது. அன்று பெட்டியைத் தட்டிய நேயர்கள் மன்னிக்கவும்.